இன்னும் மூணு துடிப்பு

சன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு இந்த ஓரம் போதும். கால மட்டும் கொஞ்சம் நீட்டி வெச்சுக்கிடுதேன். பயப்படாதீங்க, உங்கள மிதிக்க மாட்டேன். இந்த வலது காலு இருக்கே, அது தன்னால தரைய மிதிக்கும். பிரேக்கு. முன்னால ஓட்டுதானே அந்தத் தம்பி, அவன் மிதிக்கதுக்கு முன்னாலயே எங்காலு மிதிச்சிரும். பஸ்சுல ஆளோட ஆளா உக்காந்து பழக்கம் இல்ல, அதான். இருபத்தொம்பது வருசமா நான் அந்த சீட்டுல இருந்தவன்.

ஆமா, டிரைவர்தான். பேரு ஆறுமுகநயினார். வீடு விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்துக்கும் திருநெல்வேலிக்கும், இந்தா நாம இப்பம் போறோமே, இதே ரூட்டுல பதினெட்டு வருசம். அதுக்குப் பெறவு காரையாறு மல வண்டி. ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்துனது கெடையாது. டிப்போல போயிக் கேட்டுப் பாருங்க. இப்பம் மூணு மாசமா வண்டி தொடல. தொட விடல.

எங்க போறேன்னா கேக்கீங்க? ஆஸ்பத்திரிக்கு. அட்மிட் ஆவணும்னு வீட்டம்மா கூட்டிட்டுப் போறா. அந்தா, முன்னால பச்சச் சீல கட்டி இருக்கால்லா, அவதான். பேரு சண்முகவடிவு. வண்டில ஏறிட்டேனே தவிர நான் இன்னும் ஆப்பரேசனுக்கு சரின்னு சொல்லல பாத்துக்கிடுங்க. திருநெல்வேலி போய்ச் சேருததுக்குள்ள முடிவு பண்ணணும். எனக்கு எதுக்கு ஆப்பரேசன்? மூணே மூணு துடிப்புல என்னத் தோக்கடிச்சிட்டாங்க. நீங்க வெளியூர்க்காரரு, இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. முழுசாக் கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

ஆடி அமாவாசைக்கு எங்க மலைக்கு வந்திருக்கீங்களா? காரையாத்துல சொரிமுத்தையனார் கோயிலு. எம்புட்டு சனம்னு சொல்லி முடியாது. ஆடு, கோழி, பொங்கப்பான, பாயி, கைப்புள்ளைகன்னு குடும்பம் குடும்பமா மூணு நாளு அங்கனயே கெடப்பாங்க. நாங்க ஸ்பெசல் வண்டி ஓட்டுவோம். அன்னைக்கு என் வண்டில எழுபது பேருக்குக் கொறையாது. கண்டக்டரு பேச்சிமுத்து. பதினோரு வருசம் என்கூடயே ஓடுன பய. தம்பி மாதிரின்னு சொல்ல மாட்டேன், தம்பியே. அவன் மகளுக்கு காது குத்தும்போது மடியில வெச்சுக்கிட்டவன் நான்.

விக்கிரமசிங்கபுரத்துல சனத்த ஏத்திக்கிட்டு எடுக்கேன், தாடையில ஒரு வலி. பல்லுதான்னு நெனச்சேன். பாபநாசம் கோயிலத் தாண்டுததுக்குள்ள தோளுக்கு எறங்கிட்டு. பெறவு எடது கைக்கு. நெஞ்சு மேல ஈரச்சாக்க மடிச்சு வெச்ச மாதிரி ஒரு கனம். சட்ட நனஞ்சு முதுகோட ஒட்டிட்டு. எடது கையத் தூக்கி கியரு போடப் பாக்கேன், அது வர மாட்டேங்கு. சவம், வேற யாரோ கை மாதிரி மடியில கெடக்கு. என்ன செஞ்சேன்னு கேளுங்க. வலது கைய இந்தப் பக்கம் நீட்டி கியரு போட்டேன். ஸ்டியரிங்க அந்த நேரத்துக்கு நெஞ்சால அணைச்சுக்கிட்டேன். ஒரு குலுக்கல் இல்ல. சொல்லுங்க, எத்தன டிரைவரால முடியும்?

செக்போஸ்ட்டுல அஞ்சு நிமிசம் நிறுத்துவாங்க. பாரஸ்ட்காரங்க பையெல்லாம் தொறந்து பிளாஸ்டிக் இருக்கான்னு பாப்பாங்க. பேச்சிமுத்து என் பக்கத்துல வந்தான்.

"அண்ணே, மொகம் வெளுத்துக் கெடக்கு. எறங்கிருங்க. பின்னால வண்டி வருதுல்லா, சனத்த மாத்தி விட்டுருவோம்."

"வாயுடே. ஒரு சோடா வாங்கியா."

"வாயு இல்லண்ணே. நீங்க வேர்த்துருக்கதப் பாருங்க."

"நீ எனக்கு வைத்தியம் பாக்கியா? சோடா வாங்கியா சொல்லுதேன்."

வாங்கியாந்தான். குடிச்சேன். ஒரு ஏப்பம் வந்துட்டு. எனக்குச் சரியாப் போன மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன். அந்தப் பக்கம் மல, இந்தப் பக்கம் கெடங்கு, ஒரு வண்டி போற அகலம்தான் ரோடு. வளைவுக்கு வளைவு ஒத்தக் கைதான். அவன் பாவம், சீட்டு கிழிக்கத விட்டுட்டு என் பக்கத்துலயே நின்னான். எஞ்சின் மூடி மேல கைய வெச்சுக்கிட்டு 'அண்ணே, அண்ணே'ன்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே வந்தான். கொண்டு போய் கோயில் வாசல்ல நிறுத்துனேன். ஒரு உசிருக்குச் சேதாரம் இல்ல. ஆத்துல கால நனச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தேன், கையும் வந்துட்டு. பெறவு நானேதான் வண்டியக் கீழ எறக்குனேன். எறக்கந்தானே, அதுல என்ன இருக்கு?

இதுக்கு எனக்கு மால போட்டிருக்கணும். என்ன நடந்துச்சு தெரியுமா? மூணாம் நாளு டிப்போல கூப்பிட்டு விட்டாங்க. மேனேஜரு மேசையில ஒரு கடுதாசி. பேச்சிமுத்து கையெழுத்து. 'டிரைவர் ஆறுமுகநயினார் உடல் நிலை சரியில்லாமல் பேருந்தை இயக்கினார், பயணிகள் பாதுகாப்பு கருதி தெரிவிக்கிறேன்'. பதினோரு வருசம் அண்ணன்னு கூப்பிட்ட பய, டிரைவர் ஆறுமுகநயினார்னு எழுதியிருக்கான். அவன் இன்னைக்கு வரைக்கும் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். நான் கதவத் தொறக்கதில்ல.

டாக்டருகிட்ட அனுப்புனாங்க. படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தாரு. பெருசா ஒண்ணும் தெரியலன்னாரு. நான் அப்பமே சிரிச்சேன். ஆனா அவரு விடல. "படுத்திருக்கும்போது தெரியாது. ஓடும்போதுதான் தெரியும். டிஎம்டி எடுத்துட்டு வாங்க"ன்னாரு. ஓடுத பட்டை இருக்கும் அண்ணாச்சி, அதுல ஏத்தி விட்டு, நெஞ்சு பூரா வயர ஒட்டி, ஓட விட்டுப் பாப்பாங்க. அதுல சரின்னு வந்தாத்தான் வண்டின்னு எழுதிட்டாரு.

அங்கன அந்த மிசின்ல ஒரு பொண்ணு. ரெக்ஸலின்னு பேரு, நாகர்கோயில் பக்கம். முப்பது வயசு இருக்கும். நல்ல மருவாதியாப் பேசும், அதுல கொற சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர்ல என் வயசத் தட்டுச்சு. அம்பத்தேழு.

"சார், இருநூத்தி இருபதுல உங்க வயசக் கழிச்சா நூத்தி அறுவத்தி மூணு. உங்க வயசுல இதயம் ஒரு நிமிசத்துக்கு அதிகமாப் போனா அம்புட்டுத் துடிக்கும்னு ஒரு கணக்கு. அதுல நூத்துக்கு எம்பத்தஞ்சு பங்கு, நூத்தி முப்பத்தொம்பது வரைக்கும் நாம கொண்டு போய்ப் பாக்கணும். கொஞ்சங் கொஞ்சமா வேகம் கூடும், மேடும் கூடும். வலிச்சா, தல சுத்துனா ஒடனே சொல்லணும், என்ன?"

எனக்கு வெளங்கிட்டு. நூத்தி முப்பத்தொம்பது. பாஸ் மார்க்கு. இத முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஏறுனேன். நடந்தேன். ஓடுனேன். மூச்சு இரைக்கி, காலு பின்னுது, கண்ணுல வேர்வ எறங்குது. அந்தத் திரையில நம்பரு நூத்தி பன்னெண்டுலயே நிக்கி. நூத்தி பதிமூணு. திருப்பி நூத்தி பன்னெண்டு. ஏறவே மாட்டேங்கு. அந்தப் பொண்ணு நிப்பாட்டிட்டு.

"சார், நீங்க ஏதாவது பிரசர் மாத்திர சாப்பிடுதீங்களா?"

"இல்லியே."

"நெசமாச் சொல்லுங்க சார். சில மாத்திர இதயத்த வேகமாத் துடிக்க விடாது. பிடிச்சு வெச்சுக்கிடும். நீங்க எம்புட்டு ஓடுனாலும் நம்பரு ஏறாது. அந்த நம்பர வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? ரெண்டு வருசமா அம்பாசமுத்திரத்துல ஒரு டாக்டருகிட்ட மாத்திர வாங்கி முழுங்கிட்டுதான் இருந்தேன். டிப்போக்குத் தெரியாது. தெரிஞ்சா மல வண்டி குடுப்பானா? அன்னைக்குக் காலையில கூட ஒண்ணு போட்டுட்டுத்தான் போயிருந்தேன். அந்தப் பொண்ணு சொன்ன ஒடனே எனக்கு மண்டையில மணி அடிச்சுட்டு. வண்டில வேகத்தப் பூட்டி வெச்சிருப்பாங்கல்லா, எம்புட்டு மிதிச்சாலும் அறுவதத் தாண்டாது. அதேதான். எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, பூட்டுதான் பிடிச்சுக்கிட்டு இருக்கு! ஒத்துக்கிட்டேன். அது டாக்டர்ட்ட போயிப் பேசிட்டு வந்துச்சு. முடிவு சொல்ல முடியல, ஒரு மாசம் கழிச்சு வாங்க, டெஸ்ட்டுக்கு எத்தன நாளைக்கு முன்னால மாத்திரய நிறுத்தணும்னு டாக்டரு சொல்லுவாரு, நீங்களா நிறுத்திராதீங்கன்னு எழுதிக் குடுத்தாங்க.

டாக்டரு ரெண்டு நாளுன்னாரு. நான் பன்னெண்டு நாளைக்கு முன்னாலயே நிறுத்திட்டேன். பூட்டு சுத்தமாக் கழரணும்லா?

அந்த ஒரு மாசமும் நான் சும்மா இருக்கல. காலையில அஞ்சரைக்கு ஸ்கூல் கிரவுண்டுக்குப் போயிருவேன். மருமவன் ஒரு பழைய பூட்சு குடுத்தாரு. வடிவு கூட வருவா. நான் ஓடி முடிச்சு வந்து நின்ன ஒடனே அவ கழுத்துல வெரல வெச்சு, வாட்சப் பாத்து பத்து செகண்டு எண்ணணும். அத ஆறால பெருக்கணும். மொத ரெண்டு நாளு நூத்தி ரெண்டு, நூத்தி எட்டுன்னா. ஓடுனது பத்தலன்னு நான் இன்னும் ரெண்டு சுத்து ஓடுனேன். மூணாவது நாளுல இருந்து பாருங்க, அர சுத்துல வந்து நின்னாலே போதும், "நூத்தி நாப்பது வந்துட்டு, வாங்க வீட்டுக்கு"ம்பா. ஒவ்வொரு நாளும் நூத்தி நாப்பது. வெரல வெச்ச ஒடனே சொல்லிருவா. பத்து செகண்டு கூட ஆவாது. பெருக்கல்ல அம்புட்டு கெட்டிக்காரி அவ. எட்டாங் கிளாசு வரைக்கும் படிச்சவ. எனக்கு ஒரே சந்தோசம். இம்புட்டு லேசா நூத்தி நாப்பது வருதே, மிசின்ல கேக்கணுமான்னு.

என்ன சிரிக்கீங்க? இல்லியா? சரி.

இன்னொண்ணு இருக்கு, இங்கன கிட்ட வாங்க. கண்டக்டரு காதுல விழுந்துறக் கூடாது. எனக்கு அம்பத்தேழு கெடையாது. அது பள்ளிக்கூடத்து வாத்தியாரு போட்ட வயசு. எங்க அப்பா என்னய ஒம்பது வயசு வரைக்கும் மாடு மேய்க்க விட்டுட்டு, பெறவு கொண்டு போய் ஒண்ணாங் கிளாசுல நிறுத்துனாரு. வாத்தியாரு பாத்தாரு, அஞ்சுன்னு எழுதி, ஜூன் மாசம் ஒண்ணாந் தேதின்னு ஒரு தேதியும் போட்டுட்டாரு. எங்க கிளாசுல பாதிப் பயலுவளுக்கு அதே தேதிதான். ஆக எனக்கு நெச வயசு அறுபத்தொண்ணு. கணக்குப் பாத்தா நான் போன வருசமே ரிட்டயர்டு ஆயிருக்கணும். சர்டிபிகேட் படி இன்னும் மூணு வருசம் இருக்கு. இது ஊருல எல்லாருக்கும் உள்ள கததானே, குத்தமா?

ரெண்டாவது தடவ போனேன். வடிவும் வந்தா. கதவுப் பக்கம் ஸ்டூல்ல உக்காத்தி வெச்சாங்க. ரெக்ஸலின்தான் இருந்துச்சு, டாக்டரும் பக்கத்து ரூம்ல இருந்தாரு. வயர ஒட்டிச்சு. ஏறுனேன். இந்தத் தடவ நம்பரு சும்மா படபடன்னு ஏறுது அண்ணாச்சி. நூறு. நூத்தி பதினெட்டு. நூத்தி இருபத்தாறு. எனக்கு அந்தச் சிவப்பு நம்பரத் தவிர ஒண்ணும் தெரியல. தாடையில அந்த வலி வந்துச்சு. சொல்லணும்னுதான் அது சொல்லிருந்துச்சு. சொன்னா நிப்பாட்டிருமே, எதுக்குச் சொல்லணும்? பல்லக் கடிச்சுக்கிட்டேன். நூத்தி முப்பது. நூத்தி முப்பத்திநாலு. ரெக்ஸலின் திரைய உத்து உத்துப் பாக்குது, என் கையில பிரசரு பட்டையக் காத்தடிச்சுப் பாக்குது, திருப்பியும் காத்தடிக்கி. நூத்தி முப்பத்தஞ்சு. நூத்தி முப்பத்தாறு.

"டாக்டர்!"னு ஒரு சத்தம். கைய நீட்டி அமுக்கிட்டு. பட்ட நின்னு போச்சு.

"என்னம்மா செஞ்ச? இன்னும் மூணு! மூணுதாம்மா!"

"சார், உக்காருங்க. பேசாதீங்க."

"மூணு துடிப்பும்மா. ஒரு பத்து செகண்டு ஓட விடு, எட்டிருவேன். ஒங்கையப் பிடிச்சுக் கேக்கேன்."

"சார், அது மார்க் இல்ல. நம்பரு ஒரு தோராயந்தான். ஒருத்தருக்குப் பத்து கூட இருக்கும், ஒருத்தருக்குப் பத்து கொறைய இருக்கும். எம்புட்டு வேகம் துடிக்குதுங்கறது இல்ல, அந்த வேகத்துல ஒங்க இதயத்துக்கு ரத்தம் பத்துதாங்கறதுதான் எனக்கு வேணும். இந்தக் கோடு கீழ எறங்கிட்டு பாருங்க. நீங்க வேகமா ஓட ஓட பிரசரு ஏறணும், உங்களுக்கு எறங்குது. இதுக்கு மேல ஒரு அடி கூட நான் விட மாட்டேன்."

கோடாம். எனக்கு என்ன தெரியும் கோடு? எனக்குத் தெரிஞ்சது நம்பரு. அப்பந்தான் மின்னல் மாதிரி ஒண்ணு தோணிச்சு. அறுபத்தொண்ணக் கழிச்சா நூத்தி அம்பத்தொம்பது. அதுல எம்பத்தஞ்சு பங்கு எம்புட்டு? நூத்தி முப்பத்தஞ்சு! நான் நூத்தி முப்பத்தாறு ஓடிருக்கேன்! ஒண்ணு கூடவே ஓடிருக்கேன்!

"எனக்கு நெசமா அறுபத்தொண்ணும்மா! அம்பத்தேழு பொய்யி! அறுபத்தொண்ணு போட்டுப் பாரு, நான் பாசு!"

கத்திட்டேன். டாக்டரு வாசல்ல நிக்காரு. வடிவு எந்திரிச்சு நிக்கா. கத்துன பெறவுதான் ஒறைக்கி, நான் என்ன சொல்லிட்டேன்னு. அறுபத்தொண்ணுன்னா வண்டியே கெடையாதே! எந்த வாயால பாசானேனோ அதே வாயால வேலையவும் தொலைச்சேன்.

ரெக்ஸலின் டாக்டரத் திரும்பிப் பாத்துச்சு. ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு.

"தண்ணி குடிங்க சார். நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. மிசின் சத்தம்."

மிசின நிப்பாட்டி எம்புட்டு நேரம் ஆச்சு, என்ன சத்தம் கேக்கும்? மூணு தடவ கத்துனேன், ஒருத்தரும் காதுல வாங்கல. டாக்டரும் சன்னலுக்கு வெளிய பாக்காரு. இப்படித்தான் அண்ணாச்சி, நம்ம பேச்சுக்கு அங்க மருவாதி இல்ல. பேப்பர்ல பாத்தேன், 'வயது 57, ஈசிஜி மாற்றத்தால் நிறுத்தப்பட்டது'ன்னு மட்டும் போட்டிருந்துச்சு.

அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. கையில ஊசியப் போட்டு மருந்து விட்டுப் படம் எடுத்தாங்க. மூணு எடத்துல அடப்பு. ஒண்ணு முக்காவாசிக்கு மேல. இதயத்துல பழைய தழும்பு ஒண்ணும் இருக்காம், முன்னாலயே ஒரு அட்டாக் வந்துட்டுப் போன தடமாம். "ஆடி மாசம் ஏதாவது வலி வந்துச்சா?"ன்னு அந்த டாக்டரு கேட்டாரு. வாயுன்னேன். அவரு வடிவப் பாத்தாரு. நெஞ்சத் தொறந்து பண்ணணும், தள்ளிப் போடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வண்டி ஓட்டலாமான்னு கேட்டேன். மொதல்ல நடங்க, பெறவு பாப்போம்னாரு. அது எனக்குத் தெரியாதா, இல்லங்கறதுக்கு இன்னொரு பேருதான் அது.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் பேச்சிமுத்துவ வாய்க்கு வந்தபடி வஞ்சேன். அவன் மட்டும் எழுதாம இருந்தா ஈசிஜி ஏது, மிசின் ஏது, படம் ஏது? நான் பாட்டுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பேன். நல்லா இருப்பானா, வெளங்குவானா, எங்கூடத் தின்னுட்டு எனக்கே குழி தோண்டுனான்னு... வடிவு அடுப்புல இருந்து வந்தா. கைய முந்தானையில தொடச்சா.

"அந்தப் பிள்ளைய வையாதீங்க. எழுதச் சொன்னது நான்."

எனக்குப் புரியல.

"நானும் அன்னைக்கு அந்த வண்டிலதான் இருந்தேன். அடுத்த வண்டில வாரேன்னு ஒங்ககிட்ட சொன்னேன், எந் தங்கச்சிதான் கூட்டத்தோட கூட்டமா பின் வாசல்ல ஏத்தி விட்டுட்டா. எடது பக்கம் மூணாவது சீட்டு. நீங்க வலது கைய நீட்டி கியரு போட்டதப் பாத்தேன். சட்ட ஒட்டுனதப் பாத்தேன். செக்போஸ்ட்டுல அவன் ஒங்ககிட்ட கெஞ்சுனதும் கேட்டுச்சு. தங்கச்சிக்குத் தல சுத்துதுன்னு சொல்லி அவளையும் அவ பிள்ளைகளையும் அங்கனயே எறக்கி விட்டுட்டேன்."

பாத்தீங்களா? தங்கச்சிய எறக்கி விட்டிருக்கா! எம்மேல அம்புட்டு நம்பிக்க! ஊரே என்ன நம்பி ஏறுது, கட்டுன பொண்டாட்டி ஆள எறக்கி விடுதா.

"எழுபது பேரு. எல்லாம் பிள்ளகுட்டிக. எந்திரிச்சு ஒரு சத்தம் போட்டிருக்கணும். போடல. ஊரு முன்னால ஒங்களுக்கு அவமானமாப் போயிருமேன்னு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். மல ஏறி முடிக்க வரைக்கும் அய்யனார் பேரச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தப் பாவம் எனக்கு உண்டு. அதான் மறுநாளு அவன் வீட்டுக்குப் போயி, நீ எழுதிக் குடு, நான் சொன்னேன்னு சொல்லாதன்னேன். அவன் முடியாதுன்னு அழுதான். நான்தான் எழுத வெச்சேன்."

இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய? ஒரு வெளியாளு குத்தியிருந்தா தாங்கலாம். அன்னையில இருந்து ஒம்பது நாளா அவகூட நான் ஒரு வார்த்த பேசல. சோறு வெச்சா திங்கேன், அம்புட்டுத்தான். இன்னைக்குக் காலையில துணியெல்லாம் பையில எடுத்து வெச்சுட்டு வாசல்ல வந்து நின்னா. நானும் பின்னாலயே வந்து ஏறிட்டேன். ஏன் ஏறுனேன்னு எனக்கே தெரியல.

இந்தத் தம்பி வளைவுல ரெம்ப வேகமாப் போறான் பாருங்க. பேட்ட வந்துட்டு. இன்னும் பத்து நிமிசந்தான்.

நீங்க ஒண்ணும் சொல்லலியே? ஆரம்பத்துலயே நியாயம் சொல்லுங்கன்னு கேட்டேன். சரி, அத விடுங்க, இத மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க அந்த வண்டில இருக்கீங்கன்னு வெச்சுக்கிடுவோம். ஒங்க மகனும் மடியில இருக்கான். டிரைவரு ஒரு கைய மடியில போட்டுட்டு மத்த கையால கியரு போடுதான். செக்போஸ்ட்டுல வண்டி நிக்கி. நீங்க என்ன செய்வீங்க?

எறங்கிருவீங்க.

யோசிக்கவே இல்லியே நீங்க.

ம். சரிதான். புள்ளய வெச்சிருக்கவன் எறங்கத்தான் செய்வான். புள்ள இல்லாட்டியும் எறங்குவான். தெரிஞ்சா யாருதான் உக்காந்திருப்பா? வேற ஒரு டிரைவரு அப்படி ஓட்டியிருந்தா நானே எறங்கிருப்பேன். சட்டயப் பிடிச்சு அவனயும் எறக்கிருப்பேன். அஞ்சு நிமிசம் நின்னுச்சு. ரெண்டு வாசலும் தொறந்துதான் கெடந்துச்சு. தங்கச்சிய எறக்கி விட்டா, பிள்ளைகள எறக்கி விட்டா. அவளும் கூட எறங்கிப் போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது.

அவ எறங்கல அண்ணாச்சி.

எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு, திருப்பி அந்த மூணாவது சீட்டுல போயி உக்காந்திருக்கா. சோடா குடிச்சுட்டு நான் வண்டிய எடுக்கேன், அவ எம் பின்னால உக்காந்திருக்கா. ஒம்பது நாளா நான் இத... ஒம்பது நாளா இது எனக்கு...

இல்ல, ஒண்ணும் இல்ல. நெஞ்சு வலியெல்லாம் இல்ல. தண்ணி வேண்டாம்.

ஸ்டாண்டுக்குள்ள வளச்சுட்டான். அந்தா அவ எந்திரிச்சுட்டா. அந்தப் பையத் தூக்கிக்கிட்டு ஒத்தக் கையால கம்பியப் பிடிக்கா, விழுந்துருவா போல. வண்டி நின்ன பெறவுதான் எந்திரிக்கணும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் அவட்ட. வாரேன் அண்ணாச்சி, போறேன்.

வடிவு! ஏ வடிவு! எறங்காத, இரு. பையக் குடு இங்க. நான் வாரேன்.